பழைய மோட்டாரும் புதிய உறுப்பும்

மக்களுக்கு முதுமை வருதல் போலவே யந்திரங்களுக்கும் முதுமை வரும். ஆயினும் யந்திரத்திற்கு ஒரு பேறு உண்டு. தேய்ந்த உறுப்பைக் களைந்து புதியதொன்றை அவ்விடத்தில் வைத்து அதன் ஆயுளை நீட்டிக்கலாம். இவ்வாறு நீட்டிக்கப்பெற்ற மோட்டார் வண்டிகள் நம் நாட்டில் பல உள. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசினர் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகள் கடந்த சொந்த உபயோக வண்டிகளை ‘வின்டேஜ்’ வண்டிகள் எனத் தனியே வகுத்து, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்களோடு கூடிய பதிவெண்ணை அவற்றிற்கு வழங்கினர். அவ்வண்டியின் அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் முதலுருவிலேயே இருத்தல் வேண்டுமென்பது அவ்விதியின் கருத்து. ஆகவே எஞ்சின் பழுதுற்றால் வேறோர் எஞ்சினை வாங்கி வைத்து விடலாம் என்று வாளா இருத்தற்கில்லை. உள்ள எஞ்சினையே பேணுதல் வேண்டும். பேணுதற்குப் புதிய உறுப்புக்களை இடுதல் வேண்டும். இடுமுன் அவை பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றினும் முந்திச் செய்யத்தக்கது. அதனை எங்ஙனம் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடையில் உறுப்பு வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, வண்டியின் பெயரைச் சொல்லி, விலையைக் கொடுத்து வந்து விடுகின்றனர். புதிய வண்டிக்கு அவ்வளவே போதும். பழைய வண்டிக்கு அது போதாது. பொருத்தம் என்பது ஒரு பொருளிடத்தில் மட்டும் உள்ள குணமன்று. இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள உறவு. பெட்டியின்மேல் உள்ள எண் அவ்விரண்டனுள் ஒன்றைப் பற்றியே பேசும். மற்றொன்று, அரை நூற்றாண்டு தேய்ந்தும், இடையிடையே பட்டறைகளிற் கடையப்பட்டும், துருவேறியும், நம் வண்டிக்குள் இருக்கின்றது. அதன் அளவை எந்தப் பெட்டியும் அறியாது. அதனை நாமே அளந்தறிதல் வேண்டும்.

பழைய எஞ்சினுக்குத் தேய்வினாலன்றித் தங்கியிருத்தலினாலும் கேடு வரும். புதுவை நகரின் வடபால் வைத்திக்குப்பம் என்னும் மீனவர் ஊர் கடலோரத்தில் உளது. மாசிமகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை அதுவென்பதைப் பலரும் அறிவர். கண்ணாடியிழைப் படகில் எஞ்சின் பூட்டிக் கடலேறும் அவ்வூரார்க்கு உப்புக்காற்று இரும்பைத் தின்னும் விரைவைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. அத்தகைய கரைக்கு அருகே ஒரு பழைய காரைப் பல திங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் நிகழ்வது இது: நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சின் எந்நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரில் ஒரு வால்வு திறந்தே நிற்கும். அதன் வழியே ஈரமும் உப்பும் கலந்த காற்று உட்புகும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு கோடாகப் படிந்து குழியாகும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருக்கும். அவ்வண்டிக்குப் புதிய வளையங்களை மட்டும் வாங்கி இட்டால், அவ்வளையங்கள் எத்துணைச் சிறந்தனவாயினும் பயன்தரா. புதுத் துண்டையும் பழைய ஆடையையும் பற்றித் திருமறையில் வரும் உவமையை நம் மாணவர்கள் நன்கறிவர். அது துணிக்கு மட்டும் உரியதன்று.

இனி, பொருத்தம் என்னும் சொல்லின் வகைகளைச் சிறிது நோக்குவோம். யந்திர நூலார் பொருத்தத்தை மூவகையாகப் பகுப்பர். தண்டு துளையினும் சிறிதாக இருந்து இடைவெளியோடு சுழல்வது தளர்பொருத்தம். தண்டு துளையினும் பெரிதாக இருந்து, வலிந்தோ சூடேற்றியோ ஏற்றப்படுவது இறுக்கப்பொருத்தம். இரண்டிற்கும் நடுவே நின்று கையழுத்தத்தாலோ மரச்சுத்தியலாலோ உட்புகுவது இடைப்பொருத்தம். நம் ஊர்க் கருமார் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப்பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இறுக்கப்பொருத்தம் புதியதன்று. பட்டையைச் சக்கரத்தினும் சற்றே சிறிதாக வளைத்துத் தீயிலிட்டு, அது விரிந்தபோது மரத்தின்மேல் ஏற்றி, நீர் ஊற்றிக் குளிரச் செய்வர். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றும். மோட்டார் எஞ்சினில் வால்வு அமரும் எஃகு வளையமும், சக்கரத்தட்டின் விளிம்பிலுள்ள பற்சக்கர வளையமும் இம்முறையிலேயே ஏற்றப்படுகின்றன. பிஸ்டனும் சிலிண்டரும், தண்டும் பேரிங்கும் தளர்பொருத்தத்தின்பாற்படும். எவ்வுறுப்பு எவ்வகையைச் சேர்ந்ததென்பதை அறியாதவன், தளர்ந்து நிற்க வேண்டியதை இறுக்கியும் இறுகி நிற்க வேண்டியதைத் தளர்த்தியும் கெடுப்பான்.

இவ்விடைவெளிகள் எத்துணைச் சிறியவை என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். அம்பாசிடர் வண்டியில் நெடுங்காலம் வழங்கிய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆயது, சிலிண்டர் வார்ப்பிரும்பு. இரண்டும் நூறு டிகிரி சூடேறியதாகக் கொண்டால், அலுமினியத்தின் விட்டம் ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் பெருகும். இரும்பின் விட்டம் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டரே பெருகும். குளிர்ந்திருந்தபோது இருந்த இடைவெளியில் 0.09 மில்லிமீட்டர் இவ்வாறு மறைந்து விடுகின்றது. இஃது ஒரு தலைமயிரின் பருமனையொத்தது. அவ்வளவு இடம் விடாது இறுக்கமாக வைத்த பிஸ்டன் சூடேறியதும் சுவரைப் பற்றிக்கொண்டு நின்று விடும். மிகுதியாக இடம் விட்டதோ, எண்ணெயை மேலேற்றிப் புகையாகக் கக்கும். குளிர்ந்த வேளையில் தட்டொலி எழுப்பும். ஆதலின் கண்ணால் பார்த்தும் கையால் அசைத்தும் ‘சரி’ என்று சொல்லும் தீர்ப்பு இங்குச் செல்லாது.

அளக்கும் கருவிகளோ நம் மாணவர்களுக்குப் பழக்கமானவை. பௌதிக ஆய்வுச்சாலையில் கம்பியின் விட்டம் அளக்கப் பயன்படும் திருகு அளவியும், வெர்னியர் அளவியுமே பட்டறையிலும் பயன்படுவன. இவ்விரண்டிற்கும் பிரெஞ்சு நாட்டோடு தொடர்புண்டு. 1631இல் தம் அளவுமுறையை வெளியிட்ட பியேர் வெர்னியே பிரெஞ்சு மொழி பேசிய ஓர்னான் ஊரினர். திருகு அளவிக்கு 1848இல் பாரிஸில் உரிமை பெற்றவர் ழான் லோரான் பால்மேர். பிரெஞ்சுப் பட்டறைகளில் அக்கருவியை இன்றும் ‘பால்மேர்’ என்றே அழைப்பர். ஆய்வுச்சாலையில் நாம் கற்ற பூஜ்யப் பிழையைப் பட்டறையிலும் மறத்தலாகாது. கருவியின் இரு முகங்களும் ஒட்டி நிற்கையில் அது பூஜ்யம் காட்டாவிடின், பின்னர் எடுக்கும் அளவனைத்தும் அவ்வளவே தவறும். அளக்கப்படும் உறுப்பில் பூசியிருக்கும் காப்பெண்ணெயை முற்றக் கழுவித் துடைத்தல் வேண்டும். புதிய பிஸ்டனையும் சிலிண்டரையும் ஓரிரவு ஒரே அறையில் வைத்திருந்து அளத்தல் நன்று. வெயிலில் வந்த பிஸ்டன் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் அதன் விட்டம் 0.017 மில்லிமீட்டர் கூடுதலாகத் தோன்றும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரே மாதிரி வண்டிக்கு ஒரே மாதிரியாகச் செய்த உறுப்பு ஏன் அளவாமலே பொருந்தலாகாது? பொருந்த வேண்டும் என்பதே யந்திரத் தொழிலின் நெடுநாட் கனவு. 1785இல் ஒனோரே பிளாங் என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளர், துப்பாக்கிப் பூட்டுக்களின் உறுப்புக்களைக் குவியல்களாக வைத்து, கைக்கு வந்தவற்றை எடுத்துப் பூட்டலாம் என்று காட்டியதை அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன் கண்டு வியந்தார். மோட்டார்த் தொழிலில் இக்கனவு மெய்ப்பட்டதை உலகறியச் செய்தது 1908ஆம் ஆண்டின் காடிலாக் சோதனை. இங்கிலாந்தில் ராயல் ஆட்டோமொபைல் கழகத்தாரின் மேற்பார்வையில் மூன்று காடிலாக் கார்களை முற்றிலும் பிரித்து, உறுப்புக்களைக் கலந்து, அவற்றுள் 89 உறுப்புக்களை நீக்கிக் கிடங்கிலிருந்து புதியவற்றை எடுத்துச் சேர்த்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினர். அரத்தால் ஓரிடத்தும் ராவாமல் பூட்டிய அக்கார்கள் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் 500 மைல் ஓடின. அதற்கென அவ்வாண்டின் டூவார் கோப்பையும் காடிலாக்கிற்குக் கிடைத்தது. ஆயின் அந்த மூன்றும் புதிய கார்கள். ஐம்பதாண்டு ஓடியபின் அம்மூன்றும் தத்தம் வழியே தேய்ந்திருக்கும். தொழிற்சாலை உடன்படிக்கையின் ஒரு பாதியை மட்டுமே காக்க வல்லது. மற்றப் பாதியைக் காலம் அழித்து விடுகின்றது. அழிந்த பாதியை அளவால் மீட்டுக்கொள்வதே பழைய வண்டி பேணுவோன் தொழில்.

இனி ஆராயும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, எஞ்சின் எதுவென்று அறிதல். வண்டியின் பெயரை நம்புதல் கூடாது. அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் அது செய்யப்பட்டது. அதில் பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் வழங்கின. அவ்விரு வகையிலும் நெடுங்காலம் வழங்கியவை 1489 கன சென்டிமீட்டரே. விட்டமும் ஒன்றே, ஏறியிறங்கும் தூரமும் ஒன்றே. ஆயினும் டீசல் பிஸ்டன் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. டீசலில் காற்று நெருக்கப்படும் அளவு பெட்ரோலிற்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெட்டியில் ‘அம்பாசிடர் 1489’ என்றிருப்பதை மட்டும் நோக்கியவன் ஏமாறுவான். ஆகவே எஞ்சின் உடலில் வெட்டிய எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு, பழைய உறுப்பைக் கையோடு கொண்டு கடைக்குச் செல்லுதல் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புக் கடைவீதிகளில் வாங்குவோர்க்கு இது பின்னும் இன்றியமையாதது. அங்கே பெட்டியும் இராது, எண்ணும் தேய்ந்திருக்கும்.

இரண்டாவது, சிலிண்டரை அளத்தல். பிஸ்டன் வாங்குமுன் சிலிண்டரை அளக்க வேண்டுமே யன்றி, வாங்கிய பின் அன்று. மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில், ஒவ்வோரிடத்தும் வண்டியின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளத்தல் வேண்டும். குறுக்குவாட்டில் பிஸ்டன் சுவரை மிகுதியாக அழுத்துவதால் அங்கே தேய்வு மிகும். வட்டம் முட்டை வடிவாகும். மேற்புறம் வெப்பமும் அழுத்தமும் மிக்கு எண்ணெய் குறைவதால் அங்கே தேய்வு மிகும், குழல் கூம்பாகும். வளையங்கள் எட்டாத உச்சியில் மட்டும் பழைய விட்டம் மாறாமல் ஒரு விளிம்பாக நிற்கும். நகத்தை மேல்நோக்கி இழுத்தால் அவ்விளிம்பில் தட்டும். அதனை நீக்காமல் புதிய வளையத்தை இட்டால், கூர்மை மழுங்காத அவ்வளையம் முதல் ஓட்டத்திலேயே விளிம்பில் மோதி உடையும். உடைந்த துண்டு சுவரைக் கீறும்.

தேய்வு மிகுந்தால் சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் இடுவர். அப்பிஸ்டன்களின் தலையில் 10, 20, 30, 40 என்ற எண்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை ஆயிரத்திற் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு அங்குலம் பெரியவை என்பதன் குறி. ஆயிரத்தில் நாற்பது அங்குலம் 1.016 மில்லிமீட்டர். முன்சொன்ன எஞ்சினை அவ்வளவு பெருக்கினால் அதன் கொள்ளளவு 1489இலிருந்து ஏறக்குறைய 1531 கன சென்டிமீட்டராகும். ஒவ்வொரு கடைசலும் சுவரை மெலிவிக்கின்றது. கடைந்த இரும்பு திரும்பி வாராது. நாற்பதும் முடிந்த சிலிண்டருக்கு உள்ளே இரும்புக் குழலைப் பொதிந்து பழைய அளவுக்கு மீட்பதே வழி. இக்காரணத்தால், பிஸ்டன் கைக்கு வந்து அதனை அளந்த பின்னரே, அதற்கென்று வகுத்த இடைவெளி விட்டுச் சிலிண்டரைக் கடையச் சொல்லுதல் முறை. பெட்டியின் எண்ணை நம்பி முன்னரே கடைந்துவிட்டால், பிஸ்டன் சிறிதாக வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

பிஸ்டனை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அது முழு வட்டமன்று. மேலே சிறுத்தும் கீழே பெருத்தும், ஊசித்துளை வாட்டத்தில் குறுகியும் அதற்குக் குறுக்கே அகன்றும் இருக்குமாறு வேண்டுமென்றே செய்யப்பட்டது. சூடேறிய பின்னரே அது வட்டத்தை நெருங்கும். ஆதலின் ஊசித்துளைக்கு நேர்குறுக்கே, பாவாடைப் பகுதியில், செய்தோர் குறித்த உயரத்தில் அளத்தல் வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் தராசிலிட்டு எடையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் நன்று.

மூன்றாவது, வளையங்களை ஆராய்தல். ஒவ்வொரு வளையத்தையும் அது வேலை செய்யப்போகும் சிலிண்டரிலேயே இட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராக உள்ளே தள்ளி, வளையத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள வெளியைத் தகட்டளவியால் அளத்தல் வேண்டும். வழக்கமான நீர்க்குளிர் எஞ்சின்களுக்கு விட்டத்தின் ஓரங்குலத்துக்கு ஆயிரத்தில் மூன்று முதல் நான்கு பங்கு அங்குலம் இருக்கலாம் என்பது பட்டறைக் கணக்கு. செய்தோர் நூலில் வேறு அளவு கூறியிருந்தால் அதுவே கொள்ளத்தக்கது. முன்சொன்ன சிலிண்டருக்கு இக்கணக்கின்படி 0.22 முதல் 0.29 மில்லிமீட்டர் ஆகும். வெளி குறைந்தால் முனைகளை அரத்தால் சிறிது ராவலாம். ராவாமல் விட்டால் சூட்டில் முனைகள் முட்டி வளையம் முறியும்.

இச்சோதனை சிலிண்டரின் தேய்வையும் கூறவல்லது. வளையத்தை முதலில் தேய்வில்லாத அடிப்புறத்திலும் பின்னர்த் தேய்ந்த மேற்புறத்திலும் வைத்து வெளியை அளந்தால், இரண்டிற்கும் உள்ள வேற்றுமை சுற்றளவின் வேற்றுமையே. அதனை 22/7ஆல் வகுத்தால் விட்டத்தின் வேற்றுமை கிடைக்கும். அடியில் 0.25, மேலே 0.56 என்றால், வேற்றுமை 0.31, விட்டத் தேய்வு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விலையுயர்ந்த உள்விட்ட அளவி இல்லாதவரும் இக்கணக்கால் உண்மையறியலாம். முனைவெளியை எப்போதும் அடிப்புறத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். மேலே சரிசெய்தால் கீழே இறங்கும்போது முனைகள் முட்டும். இவையன்றி, வளையத்தைப் பிஸ்டன் பள்ளத்தைச் சுற்றி உருட்டிப் பார்த்து, எங்கும் பிடிக்காமலும் ஆடாமலும் செல்கின்றதா என்றும் நோக்குக.

நான்காவது, பேரிங்கு. சிலிண்டரில் எண் ஏறினால் பிஸ்டன் பெரிதாகும் என்று கண்டோம். பேரிங்கிலோ எண் ஏறினால் தண்டு சிறிதாயிற்று என்று பொருள். தண்டைத் தேய்த்துச் சமன் செய்யும்போது அது சிறுக்கும். பேரிங்குத் தகடு அதற்கேற்பத் தடிக்கும். ஒரே கடையில் ஒரே எண்ணை இரண்டிற்கும் கேட்டு மயங்குவோர் உளர். ஈரங்குலத் தண்டுக்கு ஆயிரத்தில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு அங்குலம் எண்ணெய் வெளி இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு. இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ‘பிளாஸ்டிகேஜ்’ என்னும் மெழுகிழை போன்ற மெல்லிய இழையைத் தண்டின்மேல் வைத்து, மூடியைக் குறித்த இறுக்கத்திற்கு முடுக்கிப் பின் கழற்றினால், இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். அதனோடு வரும் தாளளவையால் அதன் அகலத்தை ஒப்பிட்டு இடைவெளியைப் படிக்கலாம். இழை நசுங்கும்வரை தண்டைச் சுழற்றலாகாது. பேரிங்குத் தகட்டின் விளிம்பு மூடிக்கு மேல் ஒரு சிறிதே துருத்தி நிற்பதைக் கண்டு அதனை அரத்தால் ராவி விடுவோரும் உண்டு. அத்துருத்தலே முடுக்கும்போது தகட்டை இருக்கையோடு இறுகப் பிடிப்பது. அதனை நீக்கினால் தகடு சுழன்று எண்ணெய்த் துளையை அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, வால்வும் காஸ்கெட்டும். வால்வின் முகத்தில் நீலச்சாயத்தை மெல்லிதாகப் பூசி இருக்கையில் அமர்த்தி எடுத்தால், சுற்றும் முறியாத ஒரே அகலமான நீலக்கோடு பதிய வேண்டும். கோடு முறிந்த இடத்தில் காற்றுக் கசியும். காஸ்கெட்டை வெறும் எஞ்சின் முகத்தின்மேல் வைத்துத் துளைகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தல் வேண்டும். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால் காஸ்கெட்டின் விளிம்பு உள்ளே எட்டிப் பார்க்கின்றதா என்பது முக்கியம். எட்டிப் பார்க்கும் விளிம்பு தணலாகிக் காலத்துக்கு முன்னே எரிபொருளைப் பற்றவைக்கும். நீர்த்துளைகளுட் சில காஸ்கெட்டில் மட்டும் சிறியனவாக இருக்கும். அவை பிழையல்ல, நீர் எவ்வழி எவ்வளவு செல்லவேண்டும் என்று வகுக்கவே அவ்வாறு செய்யப்பட்டவை. அவற்றைக் கத்தரித்துப் பெரிதாக்குதல் தவறு.

ஆறாவது, மரை. போல்ட்டும் நட்டும் சிறியவை என்று இகழ்தல் கூடாது. இங்கே ஒரு வரலாறு சொல்லத்தக்கது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுதத் தொழிலகத்தார் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை நிறுவினர். போர் முடிந்தபின் அது மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது; 1923இல் மாரிஸ் அதனை வாங்கினார். அங்கிருந்த யந்திரங்கள் மீட்டர் அளவில் மரை வெட்டுவன. ஆங்கில மெக்கானிக்குகளிடமோ அங்குல ஸ்பேனர்களே இருந்தன. ஆகவே போல்ட்டின் தலை ஆங்கில விட்வொர்த் அளவிலும் மரை பிரெஞ்சு மில்லிமீட்டர் அளவிலுமாகப் பல்லாண்டு செய்தனர். நம் நாட்டில் மாரிஸ் டென் வண்டியை ஒட்டி எழுந்த ஹிந்துஸ்தான் டென் வண்டியும் அவ்வழியினதே. ஸ்பேனர் சரியாகப் பொருந்துவதைக் கண்டு அங்குல மரை போல்ட்டை அதில் முடுக்குவோன் எஞ்சினைக் கெடுப்பான்.

இதன் கணக்கும் எளிது. 8 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். அதனையொத்த 5/16 அங்குல நுண்மரைப் போல்ட்டில் விட்டம் 7.94, மரைக்கு மரை 1.058 மில்லிமீட்டர். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கள் தடையின்றிச் செல்லும். ஐந்தாம் சுற்றில் வேற்றுமை 0.29 மில்லிமீட்டராகி இறுகும். இறுகியதை ‘நன்றாகப் பிடிக்கின்றது’ என்று எண்ணி மேலும் முடுக்கினால் உள்மரை அறுந்துபோம். எனவே எந்தப் போல்ட்டும் முழுதும் கைவிரலால் உட்செல்ல வேண்டும். ஸ்பேனர் கடைசி இறுக்கத்திற்கே உரியது. மரைச்சீப்பு என்னும் பற்தகட்டால் ஒத்துப் பார்த்தல் இன்னும் உறுதி. பிரெஞ்சு ஆட்சியில் மீட்டரும், எல்லைக்கு அப்பால் ஆங்கில அங்குலமும் வழங்கிய புதுவைக்கு இக்குழப்பம் அந்நியமன்று. இந்தியா மீட்டர் முறைக்குச் சட்டம் இயற்றியது 1956இலேயே.

ஏழாவது, பொருளின் பொருத்தம். அளவு ஒத்திருந்தும் பொருள் ஒவ்வாதிருத்தல் உண்டு. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களோடு ஒழிந்தது. மக்கள் நலத்திற்கு அது பெரு நன்மையே. ஆயின் பழைய எஞ்சின்களில் மெல்லிரும்பு வால்வு இருக்கைகளுக்கு ஈயமே மெத்தையாக இருந்தது. அது நீங்கியபின் நெடுவேக ஓட்டத்தில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளிறங்கும்; ஆதலின் கழிவு வால்வுகளுக்குக் கடின எஃகு வளையம் இறுக்கப்பொருத்தமாக இடுதல் தக்கது. அதுபோல, 2025இல் நம் நாடு பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. பழைய ரப்பர்க் குழாய்களும் எரிபொருள் பம்பின் சவ்வும் எத்தனாலில் ஊறிப் பருத்து இளகும். கிடங்கில் நாற்பதாண்டு கிடந்த ‘அசல்’ சவ்வு அளவில் மிகப் பொருந்தும், உழைப்பில் பொருந்தாது. எத்தனால் தாங்கும் புதுப்பொருளாற் செய்தது அசலன்றாயினும் அதுவே ஏற்றது. நெருப்பு அபாயம் உள்ள இடத்தில் பழமைப் பற்று அறிவுடைமையன்று.

இவையெல்லாம் முடிந்தபின்னும் ஒரு சோதனை எஞ்சுகின்றது. ஒவ்வோர் உறுப்பைப் பூட்டியதும் எண்ணெயிட்டுக் கையால் எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். ஒரு பேரிங்கு மூடி முடுக்கியபின் சுழற்சி திடீரெனக் கனத்தால் குற்றம் அந்த மூடியிலேயே உளது. நான்கையும் முடுக்கிய பின் பார்த்தால் எதில் குற்றமென்று அறிதல் அரிது. ஒன்றைச் செய்து ஒன்றைச் சோதித்தல் என்பது ஆய்வுச்சாலையின் முறை. பட்டறைக்கும் அதுவே முறை. எடுத்த அளவுகளைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு வைத்திருத்தல் வேண்டும். அடுத்த முறை எஞ்சினைத் திறப்பவர் வேறொருவராக இருப்பினும், சிலிண்டர் எத்தனை முறை கடையப்பட்டது, தண்டு எந்த எண்ணில் நிற்கின்றது என்பதை அவர் ஊகிக்க வேண்டியிராது. கழற்றிய பழைய உறுப்பையும், புதியது சில நூறு மைல் ஓடித் தேறும்வரை எறிந்துவிடலாகாது. அதன் தேய்ந்த முகத்தைப் போல எஞ்சினின் வரலாற்றைச் சொல்லும் சான்று வேறில்லை.

நம் கல்லூரியில் திருகு அளவியைக் கையாளும் மாணவர் பலர், அது பரீட்சைக்குரிய ஒரு கருவியென்றே எண்ணி விட்டுவிடுகின்றனர். தந்தையோ பாட்டனோ ஓட்டிய வண்டி கொட்டகையில் நிற்கும் வீடுகள் நம்மிடையே உள. அவ்வண்டியின் சிலிண்டர் மீண்டும் வார்க்கப்படப் போவதில்லை. தவறிட்ட ஒரு வளையம் அதனை ஒரு மணி நேரத்தில் கெடுக்க வல்லது. அளந்திட்ட வளையம் இன்னும் ஒரு தலைமுறைக்கு அதனை ஓட்ட வல்லது. அவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை கால் மணி நேர அளவெடுப்பே. புதிய உறுப்பின் மேல் உள்ள எண்ணை மதிப்போம். ஆயினும் பழைய எஞ்சினிடம் ஒரு சொல் கேட்டபின்னரே அதனை உள்ளே விடுவோம்.